சரிசமத் துக்கம்

சட்டம் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டத்துக்குத்தான் பல்லும் நகமும் அதிகம் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ஊரே உணர்பட்டை கட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. நெற்றியில் பட்டை போட்டுக்கொள்வதில் நம்மவர்களுக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லையே! திரையில் ஒருவர் தன் பழைய நாளை நினைத்தால், பார்க்கிறவனுக்கும் அந்த வெயில் சுட்டது, அந்தப் பசி எடுத்தது, அந்த அழுகை தொண்டையில் வந்து நின்றது. வடக்கே ஒரு நிலையம் பழைய கலவரம் ஒன்றின் நினைவுநாளுக்கு ஒரு தரப்பின் நினைவை மட்டும் ஒளிபரப்பப் போக, ஜனங்கள் பட்டையைக் கழற்றிய கையோடு தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் சமநிலைச் சட்டம். சர்ச்சைக்குரிய எந்த நிகழ்வின் நினைவுநாளானாலும் இரண்டு தரப்பும் வர வேண்டும், இரண்டும் ஒரே எடையில் வர வேண்டும்.

எடை என்றால் நிமிடக் கணக்கு அல்ல, உணர்ச்சியின் எடை. அதை அளக்க ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் இயந்திரம் வைத்தார்கள். ஊழியர்கள் அதைத் தராசு என்றார்கள். ஒரு தட்டு தாழ்ந்திருந்தால் தராசு கனமான பதிவை நீர்க்க வைத்து, லேசான பதிவின் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பாலில் தண்ணீர் ஊற்றுகிற அதே வேலைதான், அரசாங்க முத்திரையோடு நடந்தது.

‘மெய்யொளி’ தொலைக்காட்சியின் தயாரிப்பாளர் உமையாள் அந்தத் தராசின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இடது தட்டில் மகனைப் பறிகொடுத்த பேச்சித்தாயின் பதிவு, எடை தொண்ணூற்று நான்கு. வலது தட்டில் அந்த மகனைச் சுட்ட ஓய்வுபெற்ற காவலர் ஆவுடையப்பனின் பதிவு, எடை ஆறு.

“ஆறா?” என்றார் நிகழ்ச்சித் தலைவர் சபேசன், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “பல்லு பிடுங்கினவன்கிட்ட எடுத்தாக்கூட இருபது வருமே.”

“அவருக்கு ஒண்ணும் தோணலையாம் சார். உண்மையைத்தான் சொல்றார்.”

“அப்போ அந்தம்மாவையும் ஆறுக்கு இறக்கிடும். பார்க்கிறவனுக்குக் கொசு கடிச்ச மாதிரி இருக்கும். எழுந்து போய்க் காபி போட்டுக்குவான்.”

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் கருவேலந்துறையில் உப்பளத் தொழிலாளர்கள் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கல்லெறிந்த கலவரக்காரர்கள் என்று அப்போதைய கமிஷன் சொன்னது. இல்லை என்று செத்தவர்களின் வீட்டார் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தார்கள். நினைவுநாள் நிகழ்ச்சிதான் அவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி. நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளரின் பட்டையில் இரண்டு பொத்தான்கள் ஒளிரும். ஒன்று ‘மறுவிசாரணை வேண்டும்’, மற்றது ‘மன்னித்து மறப்போம்’. பாதிக்கு மேல் முதல் பொத்தானை அழுத்தினால் அரசு மறுவிசாரணை வைத்தே ஆக வேண்டும். இரண்டாவதுக்குப் பெரும்பான்மை போனால் விவகாரம் முடிந்தது. பிறகு எந்த நிலையமும் எந்த நீதிமன்றமும் அதை எடுக்கக் கூடாது.

பேச்சித்தாயிடம் பதிவு எடுத்த நாளை உமையாளால் மறக்க முடியவில்லை. உப்பு வெடித்த பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டை கட்டுவதற்கு முன்னால், வாயால் சொல்லும்போது, கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

“நாங்க தண்ணி லாரிக்கு வரிசையில நின்னோம் தாயி. கல்லு எறிய எங்க கையில ஏது தெம்பு? எம்மவன் இசக்கிராசா எனக்கு முன்னால குடத்தை வச்சிக்கிட்டு நின்னான். படார்னு சத்தம் கேட்டுச்சு. குடத்தைக் கீழ விடாம அப்படியே உக்காந்தான். ‘எம்மா, எவனோ கல்லைக் கொண்டு எறிஞ்சுட்டாம்மா’ன்னான். அவ்வளவுதான். அவனைத்தான் கல்லெறிஞ்சவம்னு எழுதி வச்சிருக்காவ.”

வாயால் சொன்னது அவ்வளவுதான். பட்டை கட்டிய பிறகு வந்ததை உமையாளும் கூடவே உணர்ந்தாள். முடிந்தபோது அவள் தரையில் கிடந்தாள். பேச்சித்தாய்க்கு அன்று தொடங்கிய காய்ச்சல் விடாமல் அடித்தது. இன்னொரு தடவை எடுத்தால் இதயம் தாங்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

விடைபெறும்போது அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான். “நான் பட்டது அப்படியே போவுமா தாயி? கொறச்சுப்புட மாட்டியளே?”

“ஒரு துளிகூடக் குறையாதும்மா” என்று உமையாள் அவர் கைமேல் கை வைத்துச் சொல்லியிருந்தாள். வாக்குக் கொடுக்கும்போது தராசின் ஞாபகம் யாருக்கு வருகிறது?

“மறுபடி போ” என்றார் சபேசன். “ஈரம் போட்டு எடு.”

ஈரம் போடுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. வறண்ட ஆளாக இருந்தால் பதிவுக்கு முன்னால் அம்மாவின் படத்தைக் காட்டுவார்கள், பழைய பாட்டு போடுவார்கள். இயந்திரத்துக்கு எடை தெரியும். எதனால் வந்த எடை என்று தெரியாது. இன்றைய அழுகையும் அன்றைய நினைவும் ஒன்றாகக் கலந்து வந்தால், அதுவே அன்றைய அழுகை என்று தராசு எடுத்துக்கொள்ளும்.

“பாட்டுக்கெல்லாம் இளகுற ஆள் இல்ல சார் அவர்.”

“பேத்தி இருக்கான்னு சொன்னியே” என்றார் சபேசன். பிறகு, “நீ எப்படி எடுத்தேன்னு நான் கேக்க மாட்டேன். நாளை மறுநாள் ஒளிபரப்பு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆவுடையப்பன் வீடு தென்காசிக்கு வெளியே இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் மருமகனும் போய்ச் சேர்ந்து, பேத்தி கோமதி ஒருத்திக்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதர். அவள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். உமையாளைப் பார்த்ததும் கிழவர் தோட்டத்து நுங்கைச் சீவிக் கொண்டுவந்து வைத்தார்.

“மறுபடியும் வந்திட்டியளா? நான்தான் சொன்னேம்லா. எனக்கு அன்னைக்குத் தொப்பிக்குள்ள வேர்த்துச்சு, பசிச்சுது, ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு. சுடச் சொன்னாவ, சுட்டேன். பொய்யா அழச் சொன்னா எனக்கு வராதும்மா.”

“பொய்யா அழ வேண்டாம் ஐயா. இன்னொரு தடவை நினைச்சுப் பாருங்க, போதும்” என்று சொல்லி உமையாள் அவர் நெற்றியில் பட்டையைக் கட்டினாள். வாயில் நுங்கின் இனிப்பு இன்னும் இருந்தது.

கிழவர் கண்ணை மூடினார். எண் ஏழுக்கு ஏறி நின்றது. உமையாள் செல்பேசியை எடுத்துச் செய்தி வந்ததுபோலப் பார்த்தாள்.

“ஐயா, மனசைத் திடப்படுத்திக்கோங்க. மதுரையிலிருந்து தகவல் வந்திருக்கு. கோமதி போன பஸ் கவிழ்ந்துடுச்சு.”

“புள்ளைக்கு என்னம்மா?”

“இல்ல ஐயா. போயிட்டா.”

கிழவர் எழப் பார்த்தார். உமையாள் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். “கண்ணைத் திறக்காதீங்க. அந்த லாரியை விட்டுடாதீங்க. வரிசையில நின்ன பையனைப் பாருங்க. முகத்தைப் பாருங்க” என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எண் முப்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. கிழவரின் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்பதைத் தாண்டியபோது உமையாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பரீட்சையில் மகள் மதிப்பெண் வாங்குவதைப் பார்க்கிற சந்தோஷம். தொண்ணூற்று நான்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்திப் பட்டையைக் கழற்றினாள்.

“ஐயா, மன்னிச்சுக்கோங்க. கோமதிக்கு ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன்.”

அவருக்குப் புரியவில்லை. அவளே மதுரைக்கு அழைத்துச் செல்பேசியை அவர் காதில் வைத்தாள். “என்ன தாத்தா, கிளாஸ்ல இருக்கேன்லா. ஏன் அழுதிய? தாத்தா?” என்ற குரல் வெளியே கேட்டது. கிழவர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தரையில் சரிந்து உட்கார்ந்தார். அடிப்பார், அரிவாளைத் தூக்குவார் என்று எதிர்பார்த்து உமையாள் வாசலை ஒட்டி நின்றாள். நுங்கு சீவிய அரிவாள் பக்கத்தில்தான் கிடந்தது.

அவர் அடிக்கவில்லை. “அந்தப் பையனோட அம்மைக்கு இப்படி யாரும் வந்து, சும்மாதான் சொன்னேன்னு சொல்லலியேம்மா” என்றார்.

உமையாள் வாசலை விட்டு உள்ளே வந்தாள்.

“அவன் கையில கல்லு இல்லம்மா. குடம்தான் இருந்துச்சு. பச்சைக் குடம். யாரைச் சுடணும்னு எங்களுக்குச் சொல்லல. கூட்டத்துல அந்தப் பச்சைதான் பளிச்சுனு தெரிஞ்சுது. அதைப் பாத்துக் குறி வச்சேன். கமிஷன்ல கல்லுன்னு சொல்லச் சொன்னாவ, சொன்னேன். இத்தனை வருசமும் சாப்பிட்டேன், தூங்கினேன், ஒண்ணும் செய்யல. இப்ப என்னமோ செய்யுது. நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு. அந்தப் பட்டையைக் கட்டுங்கம்மா. இதை எடுங்க.”

அது பொய்யில்லை. தொண்ணூற்று நான்கு என்ன, நூறைத் தாண்டியிருக்கும். உமையாள் தோட்டத்துக்கு ஓடிப் போய்ச் சபேசனை அழைத்தாள்.

“சார், அவர் ஒத்துக்கிட்டார். சுட்டவரே சொல்றார், பையன் கையில குடம்தான் இருந்ததுன்னு. பழைய பதிவைத் தூக்கிப் போட்டுட்டு இதை எடுத்துடலாம்.”

மறுமுனையில் சபேசன் பெருமூச்சு விட்டார். “யோசிச்சுப் பேசு உமையாள். அவரும் அந்தம்மா சொல்றதையே சொன்னா, எதிர்த் தட்டுல யாரு?”

“யாரும் இல்ல. அதுதானே சார் உண்மை.”

“எதிர்த் தட்டு காலின்னா தராசு என்ன பண்ணும்? அந்தம்மாவைச் சைபருக்கு இறக்கிடும். ஆறுகூடக் கிடையாது. நிகழ்ச்சியே ரத்து. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா அதை நியாயம்னு வேணும்னா சொல்லிக்கோ, நினைவுநாள் நிகழ்ச்சின்னு சொல்ல முடியாது. சட்டத்துல அதுக்கு இடமில்ல. இப்போ போய் இன்னொரு போலீஸ்காரரைத் தேடவும் நேரமில்ல. தொண்ணூத்தி நாலு கையில இருக்கில்ல? கிளம்பி வா.”

உமையாள் கிணற்றடியில் நின்று யோசித்தாள். பொய்யை ஒளிபரப்பினால் தாயின் துக்கம் ஒரு துளி குறையாமல் ஊருக்குப் போகும். உண்மையை எடுத்தால் ஒன்றுமே போகாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. கெட்டிக்காரத்தனம் கண்ணை மறைக்கும்போது எல்லாம் இப்படித்தான் தெளிவாகத் தோன்றும்.

உள்ளே வந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, இப்போ வேண்டாம். நிகழ்ச்சி வரட்டும். அந்தம்மாவோட வலியை உணர்ந்தா ஜனங்க மறுவிசாரணைதான் கேப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. அதுதான் செல்லும்.”

“வாறேன். குடத்தோட கலரு முதக்கொண்டு சொல்லுதேன்” என்றார் ஆவுடையப்பன். வண்டி கிளம்புகிறவரை வாசலில் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

நினைவுநாளன்று மாநிலமே பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. முதலில் பேச்சித்தாய் போனார். துளி குறையவில்லை. கடைக்காரன் கல்லாவின் மேல் கவிழ்ந்து அழுதான். கல்யாண மண்டபத்தில் பந்தி பாதியில் நின்றது. பிறகு ஆவுடையப்பன் போனார். அதே அளவு, அதே கனம். முதல் அழுகை காய்வதற்குள் இரண்டாவது அழுகை வந்து ஜனங்களை அடித்துப் போட்டது. சுட்டவன் இருபத்தைந்து வருஷமாக இப்படியா துடித்துக்கொண்டிருந்தான் என்று நெஞ்சிலடித்துக்கொண்டார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் உமையாள் பொத்தான் கணக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மன்னித்து மறப்போம்’ ஏறிக்கொண்டே போனது. இரண்டு துக்கமும் சரிசமமாக இருந்தால் ஒன்றோடொன்று கழிந்துபோகும் என்பது, தராசோடு பத்து வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், ரெண்டு பேருமே பாவம் என்றது நாடு. ரெண்டு பேரும் பாவம் என்றால் யாரை விசாரிப்பது? நூற்றுக்கு எழுபத்தெட்டு பேர் மன்னித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

சபேசன் லட்டுப் பெட்டியோடு வந்தார். “இந்த வருஷத்துலயே பெரிய நிகழ்ச்சி! கலவரம் இல்ல, கல்லெறி இல்ல, எல்லாரும் அழுதுட்டு அமைதியாயிட்டாங்க. மந்திரியே கூப்பிட்டுப் பாராட்டினார். அடுத்து பன்னிரண்டு நினைவுநாள் வரிசையில நிக்குது. உன் முறையிலயே எல்லாத்தையும் எடுத்துடலாம்.”

“கிழவர் இனிமே எங்க போய்ச் சொல்வார் சார்?”

“எதை?” என்றார் சபேசன். உண்மையிலேயே அவருக்கு மறந்திருந்தது.

மறுநாள் உமையாள் கருவேலந்துறைக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். காலில் விழுந்தால் பாரம் குறையும் என்று நினைக்கிறவர்கள் பாரத்தை எங்கே இறக்குகிறோம் என்று பார்ப்பதில்லை.

பேச்சித்தாய் வெள்ளைப் புடவை உடுத்திக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சலில் மெலிந்து பாதியாகியிருந்தார்.

“வா தாயி. நீ வந்ததும் நல்லதாப் போச்சு. அந்தப் போலீசுக்காரரு வீடு தென்காசிப் பக்கமாமே? உன் வண்டியிலயே என்னைக் கொண்டு விட்டுரு. துட்டி கேக்கப் போவணும்.”

“துட்டியா? அங்க யாரும்மா செத்தது?”

“என்ன இப்படிக் கேக்க? என்னுது முடிஞ்ச பெறவு நானும்தான் பட்டையைக் கட்டிக்கிட்டுப் பாத்தேன். ஊருல எல்லாரும் அந்த ஆளு எம்மவனை நெனச்சு அழுதாம்னு சொல்லுதாவ. அதெல்லாம் அறியாச் சனம். ஊரான் புள்ளைக்கு அப்படி ஈரக்குலை அத்து விழாது தாயி. அது தன் புள்ளைக்கு அழுத அழுகை. அதுவும் புதுச்சாவு, பொம்பளப் புள்ள. எனக்குத் தெரியாதா?”

உமையாள் வண்டிப் பக்கம் திரும்பினாள்.

“எம்மவன் போனப்ப எங்க வீட்டுக்குத் துட்டி கேக்க ஒரு நாதி வரல. தெருமுக்குல போலீசு நின்னுச்சு. பிடிச்சிட்டுப் போயிருவாவன்னு பயந்து கூடப் பொறந்தவனே வரல. துட்டி கேக்க ஆளில்லாத வீடு என்ன வீடுன்னு எனக்குத் தெரியும். அதனால எதிராளி வீட்டுத் துட்டின்னாலும் நான் விட மாட்டேன்.” அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். “கடைசியில ரெண்டு பொத்தான் வந்துச்சுல்லா. மொதப் பொத்தானுக்குத்தான் விரலைக் கொண்டு போனேன். முடியல தாயி. புள்ளையை வாரிக் குடுத்திட்டு நிக்கிற மனுசனைக் கூண்டுல ஏத்தி நான் என்னத்தைக் காணப் போறேன்? மன்னிச்சிட்டேன்னு அமுக்கிட்டேன்.”

வண்டிக் கதவைத் திறந்துவிட்டு எதுவும் சொல்லாமல் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் தென்காசியில் என்ன காத்திருக்கும்? கிழவர் வாசலில் கும்பிட்டு நிற்பார். உள்ளேயிருந்து, லீவுக்கு வந்த கோமதி தண்ணீர்ச் சொம்போடு வந்தாலும் வருவாள்.

“அம்மா, அந்தப் பொண்ணு சாகல” என்றாள் உமையாள்.

“என்னது?”

“உயிரோட இருக்கா. மதுரையில படிக்கிறா. நல்லா இருக்கா.”

பேச்சித்தாயின் முகம் மலர்ந்தது. கள்ளமில்லாத சந்தோஷம். “நல்லாருக்காளா? நல்லாருக்கட்டும், மகராசி நூறு வருசம் நல்லாருக்கட்டும்” என்று இரண்டு கையையும் கூப்பினார். கூப்பிய கை கூப்பியபடியே நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப அந்த ஆளு எதுக்கு அழுதான்?”

உமையாள் சொன்னாள். தராசைச் சொன்னாள், ஆறைச் சொன்னாள், பஸ்ஸைச் சொன்னாள். பச்சைக் குடத்தையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

“குடம்னு அவனே சொன்னானா?”

“சொன்னார்மா.”

“அதை ஏன் காட்டல?”

“காட்டியிருந்தா உங்களோடது போயிருக்காதும்மா. ஒரு துளிகூடக் குறையக் கூடாதுன்னு கேட்டீங்களே, அதுக்காகத்தான்.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. பேச்சித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நான் அமுக்குனதை இப்ப மாத்தி அமுக்க முடியுமா?”

“முடியாதும்மா.”

பேச்சித்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். பூட்டைத் திறக்கக் கொஞ்சநேரம் பிடித்தது. உமையாள் உதவிக்குக் கை நீட்டினாள். அந்த அம்மாள் அவள் கையைத் தள்ளவுமில்லை, பார்க்கவுமில்லை. உள்ளே போய் நடுவீட்டில், வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“அம்மா, நான் வரட்டுமா?” என்றாள் உமையாள் வாசலில் நின்று.

“சொல்லாமப் போ தாயி. துட்டி வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது.”